டெனாலி மலை: ரயிலா, விமானமா?

அலாஸ்காவின் டெனாலி (6,190 மீ.) கோடையிலும் பல நாள் மேகத்துக்குள்தான் கிடக்கும். ஆங்கரேஜிலிருந்து வடக்கே போகும் டெனாலி ஸ்டார் ரயிலில் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். மலை அந்தப் பக்கம். அது தெரியாவிட்டாலும் காசு வீணில்லை: வழியில் டால்கீட்னா என்ற சிற்றூரைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு, சுமார் 90 மீட்டர் உயர ஹரிக்கேன் கல்ச் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகும்.

டால்கீட்னாவில் ஏறும் சிறு விமானம் வேறு ரகம். சக்கரத்தோடு சறுக்குக் கட்டையும் பூட்டியது ரூத் பனியாற்றிலேயே இறங்கும். உடல் எடை கேட்பார்கள். கூச்சப்பட்டுக் குறைக்காதீர்கள், பாரம் பிரித்து உட்காரவைப்பது அதை வைத்துத்தான். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். ஊரில் வெயில் அடித்தாலும் மலையில் மேகம் என்றால் பறக்கமாட்டார்கள். அதனால் டால்கீட்னாவில் இரண்டு இரவு தங்கி, முதல் நாளுக்கே பதியுங்கள். ரத்தானால் மறுநாள் கையிருப்பு. ஒன்றுக்குத்தான் பணம் என்றால், வானம் தெளிந்திருந்தால் விமானம்தான்.