எவர்சில்வரா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா: மீந்ததை ஃப்ரிட்ஜில் எதில் வைப்பது?

மதியம் வைத்த சாம்பார் மறுநாள் காலை இட்லிக்கும் வர வேண்டும் என்றால் அதை எதில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைப்பது என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு கட்சி. சூடாக இருக்கும் குழம்பு, சோறு என்றால் என் ஓட்டு எவர்சில்வருக்கு. மற்றதற்கெல்லாம் அப்படிச் சொல்ல மாட்டேன்.

காரணம் ஆறுகிற வேகம்தான். 60 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கும் இடைவெளியில்தான் கிருமிகள் கும்மாளம் போடும், அதனால் சமைத்த 2 மணி நேரத்துக்குள் உணவு உள்ளே போய்விட வேண்டும், சித்திரை வெயிலில் அதற்கும் முன்னால். எவர்சில்வர் கண்ணாடியைவிடப் பத்து மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும், பிளாஸ்டிக் கண்ணாடியைவிடவும் மந்தம். அகலமான பேசினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, எவர்சில்வர் பாத்திரத்தை அதில் இறக்கி, இடையிடையே கரண்டியால் கிளறிவிட்டால் சீக்கிரம் ஆறிவிடும். பிளாஸ்டிக் டப்பாவில் அதே வேலை இழுத்துக்கொண்டே போகும். ஆனால் எதில் ஊற்றினாலும் ஆழமாக ஊற்றினால் நடுவில் சூடு தங்கிவிடும், இரண்டு அகலப் பாத்திரங்களில் பிரித்து வைப்பதே சரி.

சோற்றை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உலை கொதித்தாலும் பிழைத்துவிடும், வெளியில் கிடக்கும் சோற்றில் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்கினால், மறுபடி சுட வைத்தாலும் அது போகாது. வாடை வரவில்லையே என்று முகர்ந்து பார்ப்பதில் பயனில்லை.

எவர்சில்வரின் பெரிய குறை மூடி. சாதாரண சம்படத்தின் மூடி இறுகாது, அதுவும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் காற்று சுற்றிக்கொண்டே இருப்பதால் மேலே காய்ந்து ஏடு கட்டும், பூண்டு வாசனை பக்கத்துப் பாலில் ஏறும். உள்ளே இருப்பது ரசமா மோரா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் (அதுவரை ஃப்ரிட்ஜ் கதவும் திறந்தே இருக்கும்).

இந்த விஷயத்தில் கண்ணாடிதான் கெட்டி. கண்ணில் படுவதால் மறந்துபோகாது, புளிக்குழம்புக்கும் அசையாது, மஞ்சள் கறையும் பிடிக்காது. ஆறியதை வைத்து அப்படியே மைக்ரோவேவில் சுட வைக்க, போரோசிலிகேட் கண்ணாடி என்றால் இன்னும் நல்லது. சாதாரணக் கண்ணாடி குளிரிலிருந்து திடீரெனச் சூட்டுக்குப் போனால் விரிசல் விடலாம். ஃப்ரீசரில் வைப்பதானால் விளிம்புவரை நிரப்பாதீர்கள், உறையும்போது விரிந்து உடைத்துவிடும்.

பிளாஸ்டிக்கைக் குளிர்ந்ததற்கும் காய்ந்ததற்கும் வைத்துக்கொள்ளலாம்: கறிவேப்பிலை, கொத்தமல்லி, நறுக்கிய பீன்ஸ். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிபுரொப்பிலீன், ஓரளவு சூடு தாங்கும். 1 என்றால் பெட், அதில் சூடான எதையும் ஊற்ற வேண்டாம். உள்ளே கீறல் விழுந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்கள், கீறலுக்குள் தங்கும் பிசுக்கு எத்தனை தேய்த்தாலும் முழுசாகப் போகாது.

பச்சை மீனுக்கு எவர்சில்வர் சம்படம் வேண்டாம், மூடி வழியே தண்ணீர் ஒழுகினால் கீழே இருக்கும் தயிரும் தக்காளியும் கெடும். கிளிப் மூடி போட்ட கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் கீழ்த்தட்டில் வையுங்கள். இரண்டு நாளுக்குள் குழம்பு வைக்கப் போவதில்லை என்றால் வாங்கிய அன்றே கழுவி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள்.