உப்புக் காற்றுக்கு பாலிஸ்டால் தாங்குமா?

சுட்ட துப்பாக்கிக் குழலைக் கழுவுவதற்கு பாலிஸ்டால் எண்ணெயை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு தடவை பூசிவிட்டு ஆறு மாதம் பெட்டியில் போட்டுவிடலாம் என்று நினைத்து வாங்கினால் மட்டும் ஏமாந்துபோவீர்கள். கடலை விட்டுத் தள்ளி உள்ளே இருப்பவர்களுக்கு, கழுவுவதற்கும் நாள்கணக்கில் துருப்பிடிக்காமல் காப்பதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று கடலை ஒட்டித் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு எல்லாமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பக்கம் லைசென்ஸில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வங்கிக் காவலுக்குப் போகிறவர்களின் 12 போர் சிதறுகுண்டுத் துப்பாக்கி ஒன்று; அப்பா, தாத்தா காலத்தில் வேட்டைக்கென்று வாங்கி இன்று பீரோவில் நிற்கும் .315 ரைபிள் இன்னொன்று. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது பேச்சில் மட்டும்தான். காட்டுப்பன்றி கடலைக்கொல்லையை உழுதுவிட்டுப் போனாலும் வனத்துறைக்குத்தான் சொல்ல வேண்டும், நாமே சுட முடியாது. ஆக, நம் துப்பாக்கிகள் சுடுவது வருடத்தில் சில ரவுண்டு, சும்மா நிற்பது மீதி நாள் முழுக்க. தேய்ந்து கெட்ட குழல் இங்கே அபூர்வம். துருப்பிடித்துக் கெட்டதுதான் அதிகம்.

சமையல்கட்டில் உப்பு ஜாடியைப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற நாளில் உலர்ந்து கிடக்கும். வாடை திரும்பி மழை தொடங்கினால் அடியில் தண்ணீர் கட்டும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். குழலின் மேல் படிந்த கடல் உப்பும் அதையேதான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத உப்புப் பொடி, ராத்திரி ஈரம், விடிந்தால் செம்மண் நிறத்தில் ஒரு புள்ளி.

குழலுக்கு உள்ளே வேறொரு உப்பு இருக்கும். பழைய தோட்டாக்களின் பிரைமரில், அதாவது ஊசி அடித்ததும் முதலில் பற்றுகிற அடிப்பக்க மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாகி குழல் முழுக்க ஒட்டிக்கொள்ளும். சமையல் உப்பின் பங்காளி, குணமும் அதே. உங்கள் தோட்டா எந்த ஆண்டுடையது, பிரைமரில் என்ன மருந்து என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அரிக்கிற மருந்து என்றே வைத்துக்கொண்டு கழுவுங்கள். நஷ்டம் ஒன்றுமில்லை, பத்து நிமிட வேலைதான் கூடுதல்.

உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எந்த எண்ணெய் வாங்குவதானாலும் முதலில் இதை மனசில் வைக்க வேண்டும். உப்பு படிந்த குழலில் எவ்வளவு விலை உயர்ந்த எண்ணெயை ஊற்றினாலும், உப்பை உள்ளே வைத்து மேலே மூடி போட்டதாகத்தான் ஆகும். அடியில் அரிப்பு பாட்டுக்கு நடக்கும். அந்தக் காலத்துப் பட்டாளத்தில் குழலில் புனல் வைத்துக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றியது இதற்காகத்தான்.

பாலிஸ்டால் ஜெர்மன் சரக்கு, 1904-ல் வந்தது. இரும்பு, மரம், தோல் மூன்றுக்கும் ஒரே எண்ணெய் வேண்டும் என்று ராணுவத்துக்காகச் செய்தார்கள். அடிப்படை வெள்ளை மினரல் ஆயில். லேசான காரத்தன்மை உண்டு. இதன் சிறப்பு, தண்ணீரோடு சேர்த்துக் குலுக்கினால் பிரியாமல் பால் மாதிரி வெளுத்து நிற்பது. தண்ணீர் உப்பைக் கரைக்கும். தண்ணீர் போனபின் எண்ணெய் மெல்லிசாக இரும்பில் தங்கும். கழுவுவதும் காப்பதும் ஒரே கையில் முடிகிறது. சாதாரண துப்பாக்கி எண்ணெயிலோ தையல் மிஷின் எண்ணெயிலோ இது நடக்காது.

கலவைக்கு 10 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு எண்ணெய் போதும். 200 மில்லி தண்ணீருக்கு 20 மில்லி ஊற்றினால் ஒரு ரைபிளுக்குத் தாராளம். ஆனால் எந்தத் தண்ணீர் என்பது நம் ஊரில் முக்கியம். போர்வெல் தண்ணீரை எடுத்துவிடாதீர்கள். உப்பைக் கழுவ உப்புத்தண்ணீரையே ஊற்றியது மாதிரி ஆகிவிடும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் சிறந்தது, இல்லையென்றால் ஆர்.ஓ. கேன் தண்ணீர். கலவையை அன்றைக்கன்றைக்குக் கலந்துகொள்வது நல்லது. நிற்க வைத்தால் மேலே ஏடு கட்டும், குலுக்கினால் சேர்ந்துவிடும்.

லீ என்ஃபீல்டு வழிவந்த .315-ல் செய்முறை இப்படி. மேகசினைக் கழற்றி, போல்ட்டின் (அறையை அடைக்கிற இரும்புத் தண்டு) கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்து, தோட்டா உட்காருகிற அறையைக் கண்ணால் பார்த்து, விரலை விட்டும் பாருங்கள். பிறகு போல்ட்டை முழுசாகப் பின்னால் இழுத்து, போல்ட் தலையை மேல்நோக்கித் திருப்பினால் கையோடு வந்துவிடும். குழல் வாய் தாழ்ந்து, அறை உயர்ந்து இருக்கும்படி சாய்த்து வையுங்கள். கலவை மரக்கட்டைக்குள் இறங்கக் கூடாது. 4 அங்குலத்துக்கு 2 அங்குலம் ஃபிளானல் துணி, பட்டாளத்துக்காரர்கள் சிந்தி என்பார்களே, அதைக் கலவையில் நனைத்து, துடைக்கிற கம்பியில் மாட்டி அறைப் பக்கமிருந்து மூன்று முறை விடுங்கள். அடுத்து வெண்கல பிரஷ்ஷை நனைத்துப் பத்துத் தடவை. பிரஷ் முழுசாக வெளியே வந்தபிறகுதான் திருப்பி இழுக்க வேண்டும். பாதிக் குழலில் திருப்பினால் கம்பிகள் மடங்கும், சிலசமயம் மாட்டிக்கொண்டு வராது. ஐந்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி இரண்டு ஈரத்துணி. பிறகு உலர்ந்த துணி, ஈரம் சுத்தமாகப் போகும் வரை, நாலைந்து ஆகும். கடைசியாகத் தண்ணீர் கலக்காத பாலிஸ்டாலை ஒரு துணியில் ஏழெட்டுச் சொட்டு விட்டு ஓட்டுங்கள்.

போல்ட் முகத்தையும், சுட்ட ஓட்டை இழுக்கிற கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் அடியையும் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். பிரைமர் புகை முதலில் தாக்குவது அங்கேதான். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். இரண்டு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் போல்ட்டை மாற்றிப் போட்டுவிடக் கூடாது. போல்ட் அந்தந்தத் துப்பாக்கிக்கென்று பொருத்தியது. மாறினால் தோட்டாவின் பின்பக்கத்துக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள இடைவெளி மாறிப்போகும், ஓடு கிழியும்.

அதோடு கடையைக் கட்டிவிடாதீர்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒரு துணி ஓட்டிப் பார்ப்பது பழைய வழக்கம், காரணத்தோடு வந்த வழக்கம். துணி என்ன நிறத்தில் வருகிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். கறுப்பு என்றால் மருந்துக் கரி, பயமில்லை. செங்காவி என்றால் உப்பு மிச்சம் இருக்கிறது. முதலிலிருந்து தண்ணீர் வேலையைச் செய்ய வேண்டும். நீலப்பச்சை என்றால் தோட்டாவின் செம்பு உறை குழலில் ஒட்டியிருக்கிறது. பித்தளை நுனி வைத்த துடைக்கிற கம்பியோடு அம்மோனியா மருந்து போட்டால் கம்பியின் பித்தளையே கரைந்து துணியைப் பச்சையாக்கிவிடும் என்பதையும் கவனியுங்கள். அதை நம்பி நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

செம்பை எடுப்பதில் பாலிஸ்டால் சுணக்கம். லேசான படிவு என்றால் ராத்திரி ஊறவிட்டுக் காலையில் துடைத்தால் கொஞ்சம் வரும். நாள்பட்ட செம்புக்கு அம்மோனியா கலந்த தனி மருந்துதான் வழி. அதையும் பாட்டிலில் போட்ட நேரத்துக்கு மேல் குழலில் விடக் கூடாது. 12 போரில் செம்புத் தொல்லை இல்லை. அங்கே ஈயக் கோடும், தோட்டாவுக்குள் இருக்கிற பிளாஸ்டிக் அடைப்பு (வாட்) உருகி ஒட்டிய பளபளப்பும்தான். அறைக்கு முன்னால் குழல் ஒடுங்குகிற இடத்திலும் வாய்ப்பக்கம் ஒடுங்குகிற சோக்கிலும் பாலிஸ்டால் தடவிப் பத்து நிமிடம் விட்டு வெண்கல பிரஷ் போட்டால் இரண்டும் உரிந்து வரும். இதற்கு முழு மதிப்பெண்.

இனி குறைகள். படலம் ரொம்ப மெல்லிசு. வீட்டுக்குள் துணியால் மூடி வைத்த துப்பாக்கிக்கே இந்தக் கரையில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மேல்பூச்சு வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்த ஊர் இது, எண்ணெய் மட்டும் எப்படி நிற்கும்? வங்கிக் காவலுக்குப் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. வியர்வைக் கை படுகிற இடம், தோள்பட்டை வார் உரசுகிற இடம் இரண்டையும் டியூட்டி முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவிவிட வேண்டும். வியர்வையும் உப்புத்தான்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், வாரக்கணக்கில் அங்கே கிடக்கும். அந்த மாதிரி நீண்ட இருப்புக்கு பாலிஸ்டாலை நம்பாதீர்கள். பாலிஸ்டால் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன்மேல் வாசனை சேர்க்காத வெள்ளை வாஸ்லினை மெல்லிசாகப் பூசுங்கள், குழல் உள்ளேயும் சேர்த்து. திரும்பி வந்ததும் சுடுவதற்கு முன் உள்ளே உள்ளதை முழுசாகத் துடைத்தெடுக்க வேண்டும். கொழகொழவென்று அடைத்த குழலில் தோட்டா போனால் குழல் உப்பிவிடும்.

சுடுவதற்கு முன் அறையை உலர்த்துவது பாலிஸ்டாலுக்கும் சேர்த்துத்தான். சுடும்போது பித்தளை ஓடு விரிந்து அறைச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுவரில் எண்ணெய் இருந்தால் பிடி கிடைக்காமல் மொத்த வேகமும் போல்ட் மேல் விழும். எண்ணெய் பட்ட தோட்டாவும் ஆகாது. பிரைமர் ஓரமாக ஊறி மருந்தைக் கெடுத்துவிடும், விசையை அழுத்தினால் டப் என்ற சத்தம் மட்டும் வரும். எண்ணெய்க் குழலிலிருந்து போகிற முதல் குண்டு குறி தள்ளி விழுவதும் இதே வகை. அதற்காகக் குறிமுள்ளைத் திருகக் கூடாது.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. காறிப்போய்ப் பிசினாகும், அதிலுள்ள அமிலம் பித்தளையைப் பச்சையாக்கும். போல்ட்டுக்குள் ஊசி ஓடுகிற துளையில் பிசின் கட்டினால் அடி மெத்தனமாகி, பிரைமரில் லேசான பள்ளம் மட்டும் விழும். ஸ்பிரிங் போய்விட்டது என்று பலர் அலைவார்கள், கழுவினால் சரியாகிவிடும். டபிள்யூ.டி. 40 பற்றிக் கேட்டால், தண்ணீரை விரட்டுவதற்கான 40-வது கலவை என்று அதன் பெயரே சொல்கிறது. மழையில் நனைந்த துப்பாக்கியிலிருந்து ஈரத்தை விரட்ட நல்லது. காவலுக்கு ஆகாது.

மரக்கட்டை விஷயத்தில் கம்பெனி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மரத்துக்கு நல்லதுதான், துணியால் தடவுகிற அளவுக்கு. குழலில் ஸ்பிரே அடித்து வாயை மேலே வைத்து நிறுத்தினால் எண்ணெய் இறங்கி, இரும்பும் மரமும் சேருகிற கழுத்தில் ஊறும். வருடக்கணக்கில் அந்த இடம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். எண்ணெய் போட்ட முதல் ராத்திரி வாயைக் கீழே வைத்து, பழைய துணி மேல் சாய்த்து வையுங்கள். குழல் வாயில் துணி அடைப்பது வேண்டவே வேண்டாம்: ஈரத்தைப் பிடித்து வைக்கும், எடுக்க மறந்தால் குழல் வெடிக்கும். திறந்தே விட்டால் குளவி மண் வைத்துக் கூடு கட்டுமே என்றால், வாயோடு சேர்த்துப் பருத்தி உறை போடுங்கள். தோல் உறைக்குள் நாள்கணக்கில் வைக்காதீர்கள்.

புதிதாக விழுந்த செந்துருவுக்கு பாலிஸ்டால் தடவி அரைமணி விட்டு, நாலு சைபர் நம்பர் ஸ்டீல் வூலால் அழுத்தாமல் தேய்த்தால் கறுப்புப் பூச்சு போகாமல் துரு வரும். உப்புத்தாள் வைத்தால் துருவும் போகும், பூச்சும் போகும். விரல்நகம் மாட்டுகிற அளவு குழி விழுந்துவிட்டால் எந்த எண்ணெயும் ஒன்றும் செய்யாது. குழலுக்குள் வெளிச்சம் பார்த்தால் வட்டமாக ஒரு நிழல் வளையம் தெரிகிறதா? அது உப்பியிருக்கிறது. சுடாமல், லைசென்ஸ் உள்ள துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

வாங்குவதானால் 500 மில்லி திரவ டப்பாவையே வாங்குங்கள். கலவைக்கு ஸ்பிரே உதவாது, அளந்து ஊற்ற முடியாது. அதிலுள்ள வாயு தீப்பற்றக்கூடியது, அடுப்பு எரிகிற பக்கம் அடிக்கக் கூடாது. சும்மா நிற்கிற ஒரு ரைபிளுக்கு மேல்பூச்சும் வருடத்தில் இரண்டு மூன்று முழுக்கழுவலும் சேர்த்து 100 மில்லியைத் தாண்டாது, அந்த டப்பா வருடக்கணக்கில் வரும். வாசனை இனிப்பும் மருந்துமாகக் கலந்தடிக்கும். சிலருக்குப் பழகிவிடும். பழகாதவர்கள் வீட்டில் துப்பாக்கி திண்ணைக்குத்தான் வரும், துடைக்கிற ஆளும் கூடவே.