10 கோழி பிடிக்கும் என்று விற்கிற 4 கோழிக் கூண்டு

துணி காயப்போடும் இடம் போக வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் மிச்சமிருக்கிற மதுரைக்காரர்களுக்குக் கோழி வளர்க்கும் ஆசை வந்தால், ஆன்லைனில் முதலில் கண்ணில் படுவது இந்த இரும்புக் கூண்டுதான். 4 அடி நீளம், 2 அடி அகலம், 3 அடி உயரம், அடியில் இழுத்தெடுக்கும் எச்சத் தட்டு, பக்கவாட்டில் முட்டைப் பெட்டி. விலை ஆறாயிரத்துச் சொச்சம். கடைப் பெயர் வேண்டாம், இதே சாமானைப் பல பேர் பல பெயரில் விற்கிறார்கள். ஒரு கோடையும் ஒரு ஐப்பசி மழையும் பார்த்தாயிற்று, அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த "10 கோழி" கணக்கு. ஆழ்கூளத்தில், அதாவது தரையில் உமி, மரத்தூள் பரப்பி வளர்த்தாலே பெரிய கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி வேண்டும் என்பார்கள். இதில் இருப்பது மொத்தம் 8 சதுர அடி. பகல் முழுக்க வெளியே மேயவிட்டு ராத்திரிக்கு மட்டும் அடைப்பதானால் இன்னும் இரண்டு மூன்றைச் சேர்க்கலாம், மற்றபடி 4 கோழிதான். அதற்கு மேல் போனால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும்.

உருப்படியான விஷயம் முட்டைப் பெட்டி. வெளியிலிருந்தே மூடியைத் தூக்கி எடுத்துக்கொள்ளலாம், ஆறு வயதுப் பிள்ளைகூட எடுக்கும். ஆனால் நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும், அப்புறம் அந்தப் பெட்டி அதன் சொத்து, மற்றக் கோழிகள் மூலையில்தான் இட வேண்டும். வருடத்துக்கு 60, 80 முட்டைதான் கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள், தினமும் ஆம்லெட் என்று கனவு காண வேண்டாம்.

எச்சத் தட்டும் நல்ல யோசனை. தென்னைநார்க் கழிவைத் தூவிவிட்டால் நாற்றம் பாதி குறைகிறது, வாரிக் காய்ந்த இலையோடு மூலையில் குவித்தால் இரண்டு மூன்று மாதத்தில் எரு. பச்சையாகச் செடிக்குப் போட்டால் வேர் கருகிவிடும், மக்கவைத்துத்தான் போட வேண்டும். எங்கள் அவரைப் பந்தல் இந்த வருடம் காய்த்த காய்ப்புக்கு இந்த எருதான் காரணம். கெட்டது என்னவென்றால், தட்டின் தகடு வெறும் பெயின்ட் அடித்த இரும்பு. எச்சத்தின் காரத்துக்கு மடிப்பு மடிப்பாகத் துரு ஏறிவிட்டது. கூரையாக இருக்கிற மேல் தகடும் கூண்டோடு கூண்டாக முடிந்துவிடுகிறது, ஒரு சாண் வெளியே நீண்டிருந்தால் மழைத் தண்ணீர் தட்டில் விழாது. விழுந்தது, சகதியாயிற்று, புழு வைத்தது. மே மாதம் அதே தகடு தோசைக்கல்தான். மத்தியானம் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து மேலே தென்னங்கீற்றுப் போட்டேன், கொஞ்சம் தேவலை.

பெரிய குறை வலைதான். பக்கமெல்லாம் ஒன்றரை அங்குலக் கண், மெல்லிய கம்பி. கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும், உள்ளே வருகிறதைத் தடுக்கப் போதாது. எங்கள் தெருக்கோடியில் சீமைக்கருவேலம் மண்டிய காலி மனை இருக்கிறது, கீரிக்கும் பெருச்சாளிக்கும் குறைவில்லை. ஒரு ராத்திரி கதவுக்குக் கீழே கம்பியை வளைத்து நுழைந்த கீரி ஒரு விடைக்கோழியைக் கழுத்தில் கடித்துப் போட்டுவிட்டுப் போயிற்று. கடைக்காரரிடம் சொன்னால், "அதெல்லாம் வெளியில வைக்கக் கூடாது சார்" என்கிறார். கோழிக் கூண்டை ஹாலிலா வைப்பார்கள்? அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்கிச் சுற்றிக் கட்டி, கொக்கியை எடுத்துவிட்டுத் தாழ்ப்பாள் போட்டதில் இன்னும் ஆயிரத்தைந்நூறு போயிற்று.

உள்ளே உட்காரக் கட்டையும் கிடையாது. கம்பித் தரையிலேயே நின்றால் கால் புண்ணாகும், குறுக்கே ஒரு மரச்சட்டம் கட்டிவிடுங்கள். கூடவே தருகிற கையேட்டில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி பற்றி ஒரு வரி இல்லை, அந்த நோய் வந்தால் கூண்டே காலியாகிவிடும். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். சேவல் வேண்டாம், முட்டை இடுவதற்குச் சேவல் தேவையே இல்லை, விடியக் காலை நாலு மணிக்குக் கூவினால் பக்கத்து வீட்டோடு சண்டைதான்.

வாங்குவதற்கு முன் போன் போட்டு வலைக்கண் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். அரை அங்குலம் என்றால் எடுக்கலாம். இல்லையென்றால் எட்டாயிரம் வைத்துக்கொண்டு பக்கத்து வெல்டிங் பட்டறைக்குப் போங்கள், எச்சத் தட்டை ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் செய்யச் சொல்லுங்கள்.