கோமாரி ஊசி போட வந்த சர்வீஸ்: 4 ஸ்டார் குடுக்கலாம்

மாட்டுக்கொட்டாய்க்கே வந்து கோமாரிக்கு (மாட்டுக்கு வாய்லயும் குளம்புலயும் புண்ணு வர்ற நோய்) தடுப்பூசி போடுற சர்வீஸ் ஒண்ணு புக் பண்ணேன். சொன்ன நேரத்துக்கு வரல, வெயில் ஏறுனப்புறம்தான் வந்தாங்க, மாடெல்லாம் ஏற்கனவே மூச்சிரைக்க ஆரம்பிச்சிடுச்சு, அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கட்.

ஆனா வேலை சுத்தம். ஊசி போட வந்தவரு ஐஸ் பாக்ஸ் திறந்ததும் முதல்ல தெர்மாமீட்டரைத்தான் காட்டுனாரு, 5 டிகிரி இருந்துச்சு. 2-லேர்ந்து 8-க்குள்ள இருக்கணும், உறைஞ்சாலும் மருந்து வீண்னு சொல்லி, பாட்டில் ஐஸ்ல நேரா படாம நடுவுல துணி சுத்தி வச்சிருந்தாரு. மாட்டுக்கு மாடு ஊசி மாத்துனாரு, நான் கேக்கவே இல்ல. முன்னாடி ஒருத்தர் ஒரே ஊசில மொத்த கொட்டாயையும் முடிச்சிட்டு போனாரு, அத நெனச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

4 மாசம் தாண்டுன கன்னுக்கு முதல் டோஸ், ஒரு மாசம் கழிச்சு பூஸ்டர், அப்புறம் 6 மாசத்துக்கு ஒருக்கான்னு சார்ட்டே எழுதி குடுத்துட்டாரு. காய்ச்சலா இருந்த ஒரு மாட்ட மட்டும் விட்டுட்டு, தேறுனதும் வந்து போடுறேன்னாரு. கிடேரிக்கன்னுக்கு கருச்சிதைவு நோய் ஊசி போடும்போது க்ளவுஸ், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கிட்டாரு, அது உயிருள்ள கிருமி, தவறி நம்ம மேல குத்துனா நமக்கே வந்துடுமாம்.

"ஊசி போட்டா பால் குறையும்"னு தட்டிக்கழிக்கிறவங்களுக்கு: எனக்கு ரெண்டு நாள் லேசா கொறஞ்சுது, அப்புறம் சரியாயிடுச்சு. இப்படி விடாம போட்டுத்தான் வெக்கை நோயையே (ரிண்டர்பெஸ்ட்னு சொல்ற மாட்டுக் கொள்ளைநோய்) 2011-ல உலகத்துலயே இல்லன்னு அறிவிச்சாங்க. பூஸ்டருக்கும் இவங்களத்தான் கூப்பிடுவேன், காலைலயே வரச்சொல்லி.