ஒரே லைனில் போன், ஃபேக்ஸ், மோடெம்: தனி ரிங்கா, சுவிட்ச் பெட்டியா?

ஒரே லைனில் போன், ஃபேக்ஸ், மோடெம் (கணினியைப் போன் லைனில் இணைக்கும் சாதனம்) மூன்றையும் மாட்டினால், வரும் அழைப்பு எதற்கென்று பிரிக்க வேண்டும். ரிசீவரை எடுத்து, பீப் சத்தம் கேட்டால் ஃபேக்ஸின் ஸ்டார்ட் பட்டனை அழுத்துவது எல்லாருக்கும் தெரிந்த வழி. ஆள் அருகில் இல்லாவிட்டால் அது உதவாது. ஆகவே போட்டி இரண்டுக்குள்தான். ஒன்று, சத்தத்தைக் கேட்டு அழைப்பைப் பிரிக்கும் சுவிட்ச் பெட்டி. மற்றொன்று, ஒரே லைனுக்கு இரண்டு மூன்று எண்கள் வாங்கி, எண்ணுக்கு ஒரு விதமாக அடிக்கும் ரிங்கை வைத்துப் பிரிப்பது. என் ஓட்டு தனி ரிங்குக்குத்தான்.

காரணம் ஒன்றே: சுவிட்ச் பெட்டி, அழைப்பது யார் என்று தெரியாமலே லைனை எடுத்துவிடுகிறது. எடுத்த பிறகுதான் ஃபேக்ஸின் 1100 ஹெர்ட்ஸ் சத்தம் வருகிறதா என்று கேட்கும். அது அரை விநாடி ஒலித்து 3 விநாடி ஓயும் சத்தம். வந்தால் ஃபேக்ஸுக்கு அனுப்பும். வராவிட்டால் போனை அடிக்கச் செய்து, அழைத்தவருக்குப் போலி ரிங் சத்தம் கொடுக்கும். நீங்கள் போனை எடுக்காவிட்டாலும் அவருக்குக் கட்டணம் ஓடும். கையால் எண் போட்டு ஸ்டார்ட் அழுத்தி அனுப்பும் பழைய ஃபேக்ஸ்கள் பலவற்றில் இந்தச் சத்தமே வராது. மோடெம்களும் பெரும்பாலும் மௌனமாகத்தான் அழைக்கும். அழைக்கும் மோடெம் எண்ணுக்குப் பின் நான்கைந்து காற்புள்ளி விட்டு (ஒன்றுக்கு 2 விநாடி இடைவெளி), மோடெமுக்கு மாற்றச் சொல்லும் பெட்டியின் ரகசிய எண்ணை அனுப்ப வேண்டும். அதை அழைப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க முடியாவிட்டால் மோடெம் அழைப்பும் போனில்தான் அடிக்கும்.

நேரமும் இடிக்கும். அழைக்கும் ஃபேக்ஸ் சுமார் 35 விநாடிதான் காத்திருக்கும். சில இயந்திரங்கள் எண் போட்டு முடித்ததுமே இந்த விநாடிகளை எண்ணத் தொடங்கிவிடும். பெட்டி எடுக்க இரண்டு ரிங், கேட்க ஆறேழு விநாடி, அதன்மேல் ஃபேக்ஸ் நான்காவது ரிங்கில் எடுக்கும்படி இருந்தால் நேரம் தீர்ந்துவிடும். பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன் ஃபேக்ஸை 1 ரிங்குக்கு மாற்றிப் பாருங்கள்.

தனி ரிங்கில் பிரிக்கும் வேலையை எக்ஸ்சேஞ்சே செய்துவிடுகிறது. முதல் எண்ணுக்கு ஒற்றை நீள மணி, இரண்டாவதுக்கு இரண்டு மணி, மூன்றாவதுக்கு குட்டை, குட்டை, நீளம் என்பது போல அடிக்கும். இதற்கான பெட்டி லைனை எடுப்பதில்லை. முதல் ரிங்கைக் கேட்டு அடையாளம் கண்டு, அடுத்த ரிங்கிலிருந்து உரிய சாதனத்துக்கு விடும். ஆகவே ஃபேக்ஸுக்கு 1 ரிங், மோடெமுக்கு எஸ்0=1 (எத்தனையாவது ரிங்கில் எடுப்பது என்ற அமைப்பு) என்று வையுங்கள். முதல் இரண்டு ரிங்குக்கு நடுவே அழைப்பவர் எண் வரும் ஊர்களில், பெட்டிக்குப் பின்னால் இருக்கும் போனில் எண் தெரியாமல் போகலாம்; எண்காட்டியைப் பெட்டிக்கு முன்னால் மாட்டுங்கள். பிரிட்டனைப் போல சாதாரண ரிங்கே இரட்டையாக அடிக்கும் இடங்களில் அமெரிக்கப் பெட்டி குழம்பிவிடும். அந்த நாட்டு ரிங்குக்கென்று செய்ததையே வாங்குங்கள்.

இரண்டாவது எண் மட்டுமே கிடைத்தால் அதை ஃபேக்ஸ் மோடெமுக்குக் கொடுங்கள். வருவது ஃபேக்ஸா டேட்டாவா என்று தானே கண்டுகொள்ளும் வகையாக இருக்க வேண்டும். கணினியும் எப்போதும் ஓட வேண்டும்.

கூடுதல் எண்ணுக்கு மாதவாடகை உண்டு, பெட்டிக்கு ஒருமுறைச் செலவுதான். எக்ஸ்சேஞ்சில் தனி ரிங் வசதியே இல்லை, அல்லது மோடெம் அழைப்பே உள்ளே வராது, எப்போதாவது ஒரு ஃபேக்ஸ்தான் என்றால் சுவிட்ச் பெட்டி போதும். இணையவழி போன் அடாப்டர் என்றால் எதற்கும் உறுதி கொடுக்க மாட்டேன்: ரிங் விதத்தை அடாப்டரிலேயே அமைக்கலாம், ஆனால் குரலைச் சுருக்கும் கோடெக்கில் (ஒலியை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஃபேக்ஸ் நிற்காது. சுருக்காத ஜி.711 கோடெக் அல்லது இணையவழி ஃபேக்ஸுக்கான டி.38 முறை இருந்தால் முயலலாம்.

எதை வாங்கினாலும், எண்காட்டியைத் தவிர, லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் முதலில் பெட்டி வர வேண்டும். வேறு அறைகளின் போன்களெல்லாம் பெட்டியின் போன் துளையிலிருந்தே கிளம்பட்டும். பெட்டிக்கு முன்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் தொங்கினால் எல்லா அழைப்புக்கும் அது அடிக்கும். யாராவது எடுத்தால் மோடெம் இணைப்பு அறுந்துவிடும்.

கால் வெயிட்டிங்கை (பேசும்போது வேறு அழைப்பு வந்தால் பீப் அடிக்கும் வசதி) அடியோடு நிறுத்திவிடுங்கள்; அந்த பீப் மோடெம், ஃபேக்ஸ் இணைப்பைக் கெடுக்கும். அமெரிக்காவில் *70 போட்டு நிறுத்துவது நாம் போடும் அழைப்புக்குத்தான் உதவும். நிறுத்த முடியாவிட்டால் மோடெமில் எஸ்10-ஐ (சிக்னல் போனால் எவ்வளவு நேரம் பொறுத்து இணைப்பைத் துண்டிப்பது என்ற அமைப்பு), பலவற்றில் தொடக்கத்தில் இருக்கும் 14-லிருந்து (1.4 விநாடி) 50-க்கு உயர்த்தினால் பெரும்பாலும் பீப்பைத் தாங்கும். ஃபேக்ஸில் பிழைதிருத்தும் வசதி இருந்தால் கெட்ட பகுதியை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் வரும் தாளில் கோடு விழும்.