அமெரிக்காவில் பிஎச்.டி. சேர்க்கை: அரசுப் பல்கலைக்கழகமா, தனியார் பல்கலைக்கழகமா?

முனைவர் பட்டப் படிப்புக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்த ஆண்டில் இறுதியாக என் கையில் இரண்டு சேர்க்கைக் கடிதங்கள் இருந்தன. ஒன்று பெரிய அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது; மற்றொன்று அளவில் சிறிய தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. தரவரிசையில் முன்னதுதான் மேலே இருந்தது, ஆனால் நான் பின்னதில் சேர்ந்தேன். எனவே இந்த அலசல் தனியார் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விண்ணப்பிக்கும் முறையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. நோக்க அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள், மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்வு, டிசம்பரை ஒட்டிய கடைசி நாள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. நிதியுதவியுடன் வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை யோசித்துப் பதில் தரலாம் என்ற உடன்பாட்டில் இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் சேர்ந்துள்ளன. எஃப்-1 என்ற மாணவர் விசாவின் விதிகளும், படிப்பு நடக்கும் பருவத்தில் வளாகத்தில் வாரம் 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம் என்ற வரம்பும் பொதுவானவை.

வேறுபாடு தொடங்கும் இடம் கட்டணம். அரசு என்றால் மலிவு, தனியார் என்றால் செலவு என்ற வழக்கமான கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது. மாநில வரிப்பணத்தில் நிற்கும் அரசுப் பல்கலைக்கழகம், மாணவர்களை உள்மாநிலத்தவர், வெளியார் என்று பிரித்து, வெளியாருக்குக் கூடுதல் கட்டணம் விதிக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழக அமைப்பை எடுத்துக்கொள்வோம்: பெர்க்கிலி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ போன்ற வளாகங்களில் வெளியாருக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 15,102 டாலர். டெக்சஸிலிருந்து வரும் அமெரிக்கக் குடிமகன் ஓராண்டு தங்கி உரிய சான்றுகளைக் கொடுத்தால் கலிபோர்னியாவாசியாகி அந்தச் சுமையிலிருந்து விடுபடுகிறார். எஃப்-1 விசாவில் இருப்பவருக்கோ எத்தனை ஆண்டு தங்கினாலும் அந்த வாய்ப்பு இல்லை. முனைவர் பட்டத்துக்கான தகுதித் தேர்வை முடித்து 'கேண்டிடேட்' நிலையை அடைந்த பிறகுதான், அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்கு அந்தக் கட்டணம் நீக்கப்படுகிறது.

பிஎச்.டி. மாணவர் இதைத் தம் பையிலிருந்து கட்டுவது அரிது என்பது உண்மைதான். துறையோ பேராசிரியரின் ஆய்வு நிதியோ கட்டிவிடும். சிக்கலே அங்குதான் இருக்கிறது. ஒரே திறமையுள்ள இரண்டு விண்ணப்பங்கள் மேசையில் இருக்கும்போது, ஒன்றுக்கு மட்டும் கூடுதலாகப் பதினைந்தாயிரம் டாலர் ஆகும் என்றால் எந்தச் சேர்க்கைக் குழுவும் ஒரு கணம் தயங்கும். தனியார் பல்கலைக்கழகத்தில் குடிமகனுக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் ஒன்றே என்பதால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. உயிரியல், மருத்துவ ஆய்வுத் துறைகளில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது: தேசிய சுகாதார நிறுவனத்தின் பயிற்சி நிதியும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்ட ஆய்வு உதவித்தொகையும் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியவை. அந்த இடைவெளியைச் சொந்த நிதியால் நிரப்பும் வசதி, பெரிய அறக்கொடை நிதி வைத்திருக்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கே அதிகம்.

எனக்கு வந்த இரண்டு கடிதங்களிலும் இது எழுத்திலேயே தெரிந்தது. அரசுப் பல்கலைக்கழகத்தின் கடிதம் முதலாண்டுக் கட்டணம் முழுவதையும் ஏற்பதாகச் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில் 'நிதி இருப்பைப் பொறுத்து' என்று முடித்திருந்தது. இரண்டாம் ஆண்டுக்கு யார் பொறுப்பு என்று மின்னஞ்சலில் கேட்டேன். நெறியாளரின் நிதியைப் பொறுத்தது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. தனியார் பல்கலைக்கழகத்தின் கடிதத்திலோ ஐந்து ஆண்டுகள், கல்விக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, மாத உதவித்தொகை எல்லாம் ஒரே வாக்கியத்தில் அடங்கியிருந்தன. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் நிதி ஆதாரம் என்ற இடத்தில் இரண்டு பல்கலைக்கழகங்களுமே முதலாண்டுக் கணக்கை மட்டும்தான் காட்டும் என்பதால், அதை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

எல்லா அரசுப் பல்கலைக்கழகங்களும் இப்படி என்று சொல்வது நியாயமாகாது. விஸ்கான்சின்-மாடிசன் அரசுப் பல்கலைக்கழகத்தில் முழுநேர வேலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணி கிடைத்தாலே கல்விக் கட்டணம் தள்ளுபடியாகிவிடுகிறது. மாணவர் வசதிகளுக்காக வாங்கும் 'செக்ரிகேட்டட் ஃபீ' என்ற தனிக் கட்டணம் மட்டும் மாணவர் தலையில் விழும். ஆனால் மாநில அரசியலின் நிழல் எல்லா அரசு வளாகங்களிலும் விழுகிறது. இல்லினாயில் வகுப்பெடுப்பவரின் ஆங்கிலப் பேச்சுத் திறனைச் சட்டமே கோருகிறது. ஃப்ளோரிடா 2023-இல் இயற்றிய சட்டம், சீனா, ஈரான் உள்ளிட்ட ஏழு நாடுகளைச் சேர்ந்தவர்களை அரசுப் பல்கலைக்கழகங்கள் ஆய்வு உதவியாளராக அமர்த்துவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. இதற்காகத் தனியார் பக்கம் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது: 2025 மே மாதத்தில் ஹார்வர்டு வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமையையே அமெரிக்கக் கூட்டாட்சி அரசு ரத்து செய்ய முயன்றது, நீதிமன்றம்தான் அதைத் தடுத்து நிறுத்தியது.

எம்.எஸ். என்ற முதுகலைப் படிப்பைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் குறைவு. அங்கே பெரும்பாலோர் சொந்தப் பணத்தில் படிப்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. வெளியார் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் பர்டியூ போன்ற அரசுப் பல்கலைக்கழகம் பல தனியார் பல்கலைக்கழகங்களைவிடக் குறைவாகவே வாங்கும்.

நான் இழந்ததும் ஒன்று உண்டு. அரசுப் பல்கலைக்கழகத்தில் என் ஆய்வுப் பொருளில் ஐந்து பேராசிரியர்கள் இருந்தார்கள். நான் சேர்ந்த துறையில் இருவர்தான். மூன்றாம் ஆண்டில் என் நெறியாளர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அந்தக் குறை உறைத்தது. மற்றொருவரிடம் இடம் கிடைக்க ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று. அந்தப் பருவத்திலும் உதவித்தொகை ஒவ்வொரு மாதமும் வந்துகொண்டிருந்தது.