கிர் என்ற ஒயின் காக்டெயில் கலக்க எது: க்ரெம் த கஸிஸா, கஸிஸ் சிரப்பா?

இரண்டும் பிளாக்கரன்ட் பழத்தில் செய்பவை, அதனால்தான் கடையில் குழப்பம்.

மது: க்ரெம் த கஸிஸ் ஒரு லிக்கர், அதாவது இனிப்பு மது; அதில் குறைந்தது 15 சதவீதம், சிரப்பில் துளியும் இல்லை.

இனிப்பு: இரண்டுமே திகட்டும். 'க்ரெம்' என்றாலும் பால் கிடையாது; ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்குக் குறைந்தது 400 கிராம் சர்க்கரை, அவ்வளவுதான்.

சுவை: பழத்தை மதுவில் ஊறவைப்பதால் லிக்கரில் புளிப்பும் துவர்ப்பும் நிற்கும். சிரப்பில் இனிப்புதான் முந்தும்.

ஆயுள்: திறந்ததும் இரண்டும் ஃபிரிட்ஜுக்கு. காற்றுப்பட்டால் லிக்கரின் கருஞ்சிவப்பு பழுப்பாகிவிடும். சின்ன பாட்டிலே போதும்.

விலை: சிரப் மலிவு.

பிரான்ஸின் டிஜோன் நகர மேயராக 1945 முதல் 1968 வரை இருந்த பாதிரியார் ஃபெலிக்ஸ் கிர் பெயர்கொண்ட பானத்துக்கு, அலிகோத்தே என்ற வெள்ளை ஒயினுடன் லிக்கர்தான் சரி. மது தொடாதவர்களுக்கு சிரப்பும் சோடாவும்.